மூச்சு வாங்கும் இளம்பெண்கள்

1816-ஆம் ஆண்டு பாரிசில் ரெனே லேனெக் என்ற மருத்துவரிடம் ஓர் இளம்பெண் வந்தார். இதய நோயின் பொதுவான அறிகுறிகள் அந்தப் பெண்ணிடம் தெரிந்தன. நெஞ்சுக்குள் நடப்பதை அறிய அன்றைய மருத்துவர்கள் விரலால் மார்பைத் தட்டிப் பார்ப்பார்கள், உள்ளங்கையை வைத்துத் துடிப்பை உணர்வார்கள். அந்தப் பெண் சற்றுப் பருமனாக இருந்ததால் இரண்டும் பயன்படவில்லை. மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் இளம்பெண் ஒருவரிடம் அப்படிச் செய்ய லேனெக்குக் கூச்சம். ஒரு கற்றைக் காகிதத்தை எடுத்து இறுகச் சுருட்டினார். ஒரு முனையை அந்தப் பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். காதை நேராக வைத்தபோதெல்லாம் கேட்டதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது.

காகிதக் குழல் சில மாதங்களில் மரக்குழலாயிற்று. கடைசல் வேலை தெரிந்த லேனெக் அதைத் தானே கடைந்தார். ஏறக்குறைய ஓர் அடி நீளம். 1819-இல் அவர் எழுதிய நூலின் வழியே ஸ்டெதஸ்கோப் உலகெங்கும் போயிற்று. 1826-இல், 45 வயதில், காசநோயில் அவர் இறந்தது வரை அவர் கதையை மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரை அவர் நூல் சொல்லவில்லை.

இதய மருத்துவம் புதிய அடி எடுத்து வைத்த இடங்களைத் தேடிப் போனால், திரும்பத் திரும்ப ஒரு சிறுமியோ இளம்பெண்ணோ எதிர்ப்படுவார். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதய நோய் என்றால் நடுவயது ஆணின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் மக்களிடமும் வேரூன்றிவிட்டது. பாதி வழியில் இளம்பெண் காணாமல் போனதற்கான விலையை இன்றும் பெண்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இளம்பெண்களின் இதயத்தைத் தாக்கியது பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சல். சின்ன வயதில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கும், காய்ச்சல் அடிக்கும். தொண்டைக் கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் பாதுகாப்பு, ஆள் தெரியாமல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய் இது. மூட்டு வீக்கம் வடிந்துவிடும். இதய வால்வில் விழுந்த தழும்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். அதிகம் அடிபடுவது இதயத்தின் இடப்பக்கத்து இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு. நல்ல நிலையில் நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வழி ஒன்றரைக்கும் கீழே சுருங்கிவிட்டால், ரத்தம் முன்னே போக முடியாமல் நுரையீரலில் தேங்கும். இந்தச் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு வரை அதிகம். ஏன் என்பதற்கு இன்னும் உறுதியான விடை கிடையாது.

அறிகுறிகள் எல்லாமே வேறொன்றைப் போலத் தோற்றம் காட்டுபவை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ரத்தசோகை என்பார்கள். நெஞ்சு படபடக்கும், பயந்த சுபாவம் என்பார்கள். இருமலில் ரத்தம் வரும். காசநோய் என்று முடிவு கட்டுவார்கள். கருவுற்ற பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் யாருமே விசாரிப்பதில்லை, பிள்ளைத்தாய்ச்சிக்கு அது இயல்புதான் என்று விட்டுவிடுவார்கள். கருவுற்ற உடலில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. அந்த வெள்ளம் முழுவதும் அதே குறுகிய வழியில்தான் போயாக வேண்டும். அதுவரை தாக்குப்பிடித்த இதயம் அப்போதுதான் தோற்கத் தொடங்கும்.

பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் பீட்டரின் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு விதி வழங்கியது. இதய நோயுள்ள பெண் கன்னியானால் திருமணம் கூடாது, மனைவியானால் கருத்தரிக்கக் கூடாது, தாயானால் பாலூட்டக் கூடாது. ஸ்டெதஸ்கோப் நோயைக் காட்டிக்கொடுத்தது, சிகிச்சை வரவில்லை. நோய் உறுதியானதும் ஒரு பெண்ணின் கையில் கிடைத்ததெல்லாம் இந்தத் தடைகளின் வரிசைதான்.

1879-இல் ஜேம்ஸ் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்து இளைஞர், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் நெசவு ஆலைகள் நிறைந்த பர்ன்லி நகரத்துக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். அங்கே தொழிலின் தொடக்க ஆண்டுகளிலேயே, இதய நோயிருந்த இளம் கர்ப்பிணி ஒருவர் பிரசவத்தில் அவர் கண்முன்னே இறந்தார். இப்படி நடக்கும் என்று தன்னால் முன்கூட்டியே சொல்ல முடியவில்லையே என்ற வேதனை அவரை விடவில்லை. எந்த இதயம் பிரசவத்தைத் தாங்கும், எது தாங்காது என்று எப்படிச் சொல்வது? அன்றைய புத்தகங்களில் பதில் இல்லை. மெக்கன்சி தன் நோயாளிகளையே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து குறிப்பெடுத்தார். அந்தப் பகுதியிலிருந்த கடிகாரக் கைவினைஞர் ஒருவரின் உதவியுடன், மணிக்கட்டு நாடியையும் கழுத்துச் சிரையின் துடிப்பையும் ஒரே காகிதச் சுருளில் மையால் வரைந்துகாட்டும் பாலிகிராஃப் கருவியை உருவாக்கினார். ஈசிஜி பரவலாகும் முன்பே இதயத் துடிப்பின் ஒழுங்கைத் தாளில் படிக்கக் கற்றுக்கொடுத்த கருவி அது.

அவர் 1880 முதல் கவனித்துவந்த ஈரிதழ் வால்வு நோயாளி ஒரு பெண். 1890-களின் கடைசியில் ஒரு நாள் அந்தப் பெண்ணின் துடிப்பு ஒழுங்கு தவறியது. மேலறை சுருங்குவதைக் காட்டும் அலை கழுத்துச் சிரையின் வரைபடத்திலிருந்து காணாமல் போயிருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று இன்று சொல்லப்படும் துடிப்புக் கோளாறைப் புரிந்துகொள்ளும் வழி அங்கே திறந்தது. பர்ன்லியில் தொடங்கிய கேள்வியை மெக்கன்சி கடைசி வரை விடவில்லை. இறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1921-இல், இதய நோயும் கர்ப்பமும் பற்றித் தனி நூலே எழுதினார்.

மெக்கன்சியின் போதனை இருபுறமும் வெட்டியது. இதயத்தில் கேட்கும் முணுமுணுப்பு முக்கியமல்ல, இதயத் தசையின் வலிமைதான் முக்கியம் என்றார். தீங்கற்ற முணுமுணுப்புக்காகவே படுக்கையில் கிடத்தப்பட்டிருந்த பல இளையோர் அதனால் எழுந்து நடமாட முடிந்தது. ஆனால் அதே போதனை, வால்வைச் சரிசெய்வதில் பயனில்லை என்ற எண்ணத்தையும் மருத்துவர்களிடம் விதைத்தது. 1902-இல் லண்டனின் லாடர் பிரண்டன், சுருங்கிய வால்வை அறுவை செய்து திறக்கலாமே என்று லான்செட் இதழில் எழுதியபோது, துறைக்குள்ளிருந்தே கடும் கண்டனம் வந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகள் ஈரிதழ் வால்வைத் திறக்க யாரும் கத்தியை எடுக்கவில்லை.

1923 மே 20 அன்று பாஸ்டனில் எலியட் கட்லர் என்ற அறுவை மருத்துவர் துணிந்தார். நோயாளி 12 வயதுச் சிறுமி, படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தவள். துடிக்கும் இதயத்துக்குள் சிறு கத்தியைச் செலுத்தி வால்வை வெட்டினார். சிறுமி பிழைத்து நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தாள். ஆனால் அடுத்தடுத்து வந்த நோயாளிகள் இறந்தார்கள். கத்தி வால்வைத் திறந்ததோடு நில்லாமல் அதைக் கசியவும் விட்டது. சில ஆண்டுகளில் கட்லர் நிறுத்திக்கொண்டார்.

1925 மே 6, லண்டன். ஹென்றி சௌட்டர் 15 வயதுப் பெண்ணின் இடது மேலறையைத் திறந்து, கத்திக்குப் பதில் தன் ஆள்காட்டி விரலை உள்ளே நுழைத்தார். வால்வின் இதழ்களை விரல் நுனியால் தொட்டுணர்ந்தார். உயிருள்ள மனிதரின் துடிக்கும் இதயத்துக்குள் வால்வைத் தடவிப் பார்த்தது அதுவே முதல்முறை. அந்தப் பெண் குணமாகி வீடு திரும்பினாள். அதன் பின் இன்னொரு நோயாளியைக்கூட எந்த மருத்துவரும் சௌட்டரிடம் அனுப்பவில்லை. விரலும் இருந்தது, வழியும் தெரிந்திருந்தது. ஆனாலும் அடுத்த 23 ஆண்டுகளில் ஒரு தலைமுறைப் பெண்கள் பழைய தடைகளின் வரிசையோடே செத்துப்போனார்கள். மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கசப்பான இடைவெளிகள் அதிகமில்லை.

1948 ஜூன் 10 அன்று ஃபிலடெல்ஃபியாவில் சார்லஸ் பெய்லி அந்த வழியை மீண்டும் திறந்தார். அதற்கு முன் அவரிடம் நோயாளிகள் இறந்திருந்தார்கள். அன்று காலை வேறொரு மருத்துவமனையில் செய்த அறுவையிலும் ஒருவர் இறந்தார். செய்தி பரவித் தடை வருவதற்குள் அன்று பிற்பகலே அடுத்த மருத்துவமனைக்குப் போனார். மேசையில் இருந்தவர் 24 வயதுக் குடும்பப் பெண். இம்முறை வால்வு திறந்தது. சில நாட்களிலேயே அந்தப் பெண்ணை ரயிலேற்றிச் சிகாகோவுக்கு அழைத்துப்போய் மருத்துவர் மாநாட்டில் காட்டினார் பெய்லி. அந்தப் பெண் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அதே 1948-இல் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும் லண்டனில் ரஸல் பிராக்கும் இதே அறுவையில் வென்றார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1953 மே 6 அன்று, அதே ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முறை வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த 18 வயதுப் பெண்ணின் உயிரை அந்த இயந்திரம் 26 நிமிடம் தனியாகத் தாங்கியது.

இந்தியாவுக்கு இந்தக் கதை வந்த வழியில் வேலூர் இருக்கிறது. லேனெக்கைக் காகிதம் சுருட்ட வைத்த அதே கூச்சம் திண்டிவனத்தில் உயிர்களைப் பறித்திருந்தது. மனைவியின் பிரசவத்துக்கு ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூன்று கணவர்கள் ஒரே இரவில் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் சிறு மருத்துவ நிலையம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. அதுவே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1940-களின் கடைசியில் அங்கு வந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைத் துறையைக் கட்டியெழுப்பினார்.

மூடிய நிலையிலேயே வால்வைத் திறக்கும் அறுவை ஏழை நாட்டுக்கு ஏற்றதாக இருந்தது. விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம், இதயத்தை நிறுத்த வேண்டாம், ரத்தமும் அதிகம் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கும் செய்ய முடிந்தது. வேலூரில் 1956 முதல் 1980 வரை இப்படி அறுவை செய்துகொண்ட 3,724 பேரின் நிலையை ஸ்டான்லி ஜானும் உடன் மருத்துவர்களும் 1983-இல் சர்குலேஷன் இதழில் வெளியிட்டார்கள். உலக அளவில் பேசப்பட்ட கணக்கு அது. மேலைநாடுகள் ருமாட்டிக் காய்ச்சலை ஏறக்குறைய மறந்துவிட்ட காலத்தில் வேலூரில் அறுவை அரங்கின் வாசலில் வரிசை குறையவில்லை.

இந்திய நோயாளிகள் வயதிலும் வேறுபட்டார்கள். மேலைநாட்டுப் பாடநூல்கள் காய்ச்சலுக்கும் கடுமையான சுருக்கத்துக்கும் இடையே இருபது ஆண்டுகளாவது இருக்கும் என்றன. இருபது வயதுக்குள்ளேயே வால்வு முற்றிலும் இறுகிப்போன இந்தியப் பிள்ளைகளைப் பற்றி சுஜய் ராயும் உடன் மருத்துவர்களும் 1963-இல் லான்செட்டில் எழுதினார்கள். டெல்லியில் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதியும் இதே நோயோடுதான் போராடினார். பர்மாவில் பிறந்தவர். ஜப்பானியப் படையெடுப்பின்போது தாயோடும் சகோதரிகளோடும் தப்பி வந்து, போர் முடியும் வரை கோயம்புத்தூரில் தங்கியிருந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவராகி, லேடி ஹார்டிங் கல்லூரியில் 1950-களிலேயே இதயநோய்ப் பிரிவை அமைத்தார். 2020-இல் 103 வயதில் காலமானார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் இதய நோயின் முகம் மாறிக்கொண்டிருந்தது. வால்வு நோய் குறைந்து, இதயத்தின் சொந்த ரத்தக் குழாய்கள் அடைபடும் மாரடைப்பு முன்னுக்கு வந்தது. 1955 செப்டம்பரில் அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, வேலைச்சுமையில் வாடும் நடுவயது ஆணின் நோய் என்ற சித்திரம் வீட்டுக்கு வீடு பதிந்தது. 1964-இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் இதய நோய் பற்றிப் பெண்களுக்கென்றே ஒரு மாநாடு நடந்தது. கணவரின் இதயத்தை மனைவி எப்படிக் காப்பாற்றுவது என்பதே அதன் பொருள். மாநாட்டுப் பெயரிலேயே கணவர்கள் இருந்தார்கள். வந்திருந்த பெண்களின் இதயத்தைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை.

ஆய்வுகளும் அதே திசையில் போயின. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் 22,071 மருத்துவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். 1977 முதல், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நெறியாகவே இருந்தது. கருவிலிருக்கும் குழந்தையைக் காக்க எழுந்த அச்சம் அது, தவறான நோக்கமல்ல. ஆனால் அந்த வயதுப் பெண்ணுக்கு இதய நோய் வந்தால் எந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாமல் போனது. 1993-இல்தான் அந்தத் தடை நீங்கியது.

1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநர், இதய மருத்துவர் பெர்னடீன் ஹீலி, இதற்கு ஒரு பெயர் வைத்தார்: யென்டில் நோய்க்குறி. வேதம் படிப்பதற்காக ஆண் வேடமிட்ட யூதப் பெண்ணின் கதையிலிருந்து எடுத்த பெயர். தன் நோய் ஆணின் நோயைப் போன்றதே என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்றார் ஹீலி. 1999-இல் வயோலா வக்காரினோ குழுவினர் அதைவிட அதிர்ச்சியான ஒன்றைக் கண்டார்கள். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில், மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்த பெண்கள் அங்கேயே இறக்கும் விகிதம் அதே வயது ஆண்களைவிட இரு மடங்குக்கும் மேல்.

பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலிக்காது, அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. பழியை நோயாளியின் உடல்மேல் போடும் விளக்கம் இது. 18 முதல் 55 வயது வரை உள்ள மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த வர்கோ ஆய்வு இதை ஏற்கவில்லை. 2018-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 2,009 பெண்களில் 87 விழுக்காட்டினருக்கு நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்தது. ஆண்களின் அளவும் ஏறக்குறைய அதுவே. பெண்களுக்குக் கூடுதலாகத் தாடை வலி, வயிற்றுப் புரட்டல், படபடப்பு, மூச்சிரைப்பு எனப் பலவும் சேர்ந்து வந்தன. மருத்துவமனையில் சேரும் முன்பே பத்தில் மூன்று பெண்கள் இதே தொல்லைகளுக்காக மருத்துவரைப் பார்த்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், இது இதயக் கோளாறல்ல என்றே மருத்துவர் கருதியதாகத் தெரிவித்தார்கள். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 விழுக்காடு. நம்மூரில் ‘கேஸ் பிரச்சினை’ என்றும் ‘டென்ஷன்’ என்றும் மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

இளம்பெண்களையே தேடி வரும் மாரடைப்பு வகை ஒன்றும் உண்டு. கொழுப்பு அடைப்பே இல்லாமல், இதயத் தமனியின் உட்சுவர் தானாகக் கிழிந்து, உள்ளே கசியும் ரத்தம் வழியை அடைத்துவிடும். 1931-இல் 42 வயதுப் பெண் ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் இது முதலில் விவரிக்கப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகள் அபூர்வம் என்ற முத்திரையோடு பாடநூலின் ஓரத்தில் கிடந்தது. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் எதுவும் இல்லாதவர்கள் பலர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புகளுக்கு இதுவே முதன்மைக் காரணம். 2009-இல், இதிலிருந்து பிழைத்த பெண்களே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ஷரோன் ஹேய்ஸை அணுகி, எங்களை வைத்து ஆராயுங்கள் என்று கேட்டார்கள். 12 பெண்களோடு நடந்த முதல் ஆய்வு 2011-இல் வெளியானது. பலருக்கு ஸ்டென்ட் வைப்பதே கிழிசலைப் பெரிதாக்கலாம், பொறுத்திருந்தால் பெரும்பாலான தமனிகள் தாமே ஆறிவிடும் என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. எண்பது ஆண்டுகள் கேட்கப்படாமல் கிடந்த கேள்வியை நோயாளிகளே கேட்க வேண்டியிருந்தது.

தமிழகத்தில் பழைய வால்வு நோயும் புதிய மாரடைப்பும் இன்று ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த படுக்கைகளில் இருக்கின்றன. 1984-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் கஞ்சி இனோவே விவரித்த பலூன் முறை வந்த பிறகு, நெஞ்சைத் திறக்காமலே தொடைச் சிரை வழியாக வால்வை விரிக்க முடிகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2016 முதல் 2019 வரை, இதய நோயுள்ள பெண்களின் 1,029 கர்ப்பங்களைப் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். ருமாட்டிக் வால்வு நோயே முதலிடத்தில் இருந்தது. பத்தில் ஆறு பேருக்குத் தங்கள் இதயத்தில் கோளாறு இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்த நாட்களில் யாராவது நெஞ்சைக் கேட்டிருந்தால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியில் அவர்களில் பலரது வால்வு தப்பியிருக்கும்.

கர்ப்பிணியின் உடலில் ரத்தச்சுமை உச்சத்தை எட்டுவது ஏழு, எட்டாவது மாதங்களில். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். அதுவரை பார்த்துவந்த மருத்துவரை விட்டு, எக்கோ எடுத்த மருத்துவமனையை விட்டு, வேறு ஊருக்குப் போகிறார். பிரசவம் முடிந்ததும் ஆபத்து போய்விடுவதில்லை. சுருங்கும் கருப்பையிலிருந்து ரத்தம் மொத்தமாக இதயத்துக்குத் திரும்பும் முதல் ஓரிரு நாட்களில்தான் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் மிக அதிகம். வால்வுச் சுருக்கம் தெரிந்த பெண்ணுக்கு வளைகாப்புத் தேதி குறிக்கும்போதே, தாய்வீட்டுக்குப் பக்கத்தில் இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து இருக்கும் மருத்துவமனை எது என்று விசாரித்துவிட வேண்டும். எக்கோ அறிக்கையும் மருந்துச் சீட்டும் அவரோடு பயணப்பட வேண்டும்.